அனுமதி இல்லாமல் ஆறிய படர்தாமரை

ரொட்டித் தொழிற்சாலையில் மாவு உருட்டும் மேஜையில் நிற்பவருக்கு வலது முன்கையில் படர்தாமரை வந்தது. ஊரைக் கூட்டுகிற அளவுக்கு ஒன்றும் பெரிதில்லை. பட்டன் அளவில் ஒரு சிவப்பு வட்டம், ஓரத்தில் கொஞ்சம் தடிப்பு, நடுவில் தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் வெளுத்துக் கிடக்கும் தோல், வியர்த்தால் அரிப்பு. தோல் என்று ஒன்று இருக்கிறவர்களுக்கெல்லாம் எப்போதாவது வந்துபோகிற சமாச்சாரம்தான். வேறு வேலையில் இருந்திருந்தால் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பார். மாவு மேஜையில் அதற்கு வழியில்லை. மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார்.

"என்னய்யா கையில?"

"அரிப்பு சார். சரியாயிடும்."

"சரியாயிடும்னு நீ சொல்லக்கூடாது. வாரியம் சொல்லணும்."

மாவுக்காரரை மேஜையை விட்டு இறக்கியதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. (அவரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், கல்யாண வீட்டில் பார்த்தாலும் காது மடலில் மாவு இருக்கும்.) நாலு பேர் வாயில் போகிற ரொட்டி, ஒதுங்கி நிற்பதுதான் சரி என்று அவரே ஒப்புக்கொண்டார். வில்லங்கம் அடுத்த விதியில் இருந்தது. தொழிற்சாலைக் குடியிருப்பில் இருக்கும் ஒருவருக்குத் தோல் நோய் வந்தால், வீட்டு வைத்திய, பத்திய மேம்பாட்டு வாரியத்திலிருந்து "அனுப்பலாம்" என்று தொலைபேசியில் ஒரு வார்த்தை வரும்வரை அவர் வீட்டுக்கும் போகக்கூடாது. மாவுக் கிடங்குக்குப் பின்னால் அதற்கென்றே ஓர் அறை இருந்தது. ஒரு கட்டில், ஒரு வாளி, குடியிருப்பைப் பார்த்த ஒரு ஜன்னல்.

வீட்டில் மனைவியும் ஒரு பெண்குழந்தையும். குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிற பருவம். அப்பாவின் வலது முன்கையில் தலை வைத்தால்தான் தூங்கும். தலையணையை மெல்ல நுழைத்தால் கண்ணைத் திறக்காமலே கண்டுபிடித்துவிடும். துணிமணி கொடுக்க மனைவி அறை வாசலுக்கு வந்தபோது, அதைத் தூக்கி ஒருமுறை முகர்ந்துவிட்டு உள்ளே போகலாம் என்று மாவுக்காரர் கையை நீட்டினார். மனைவி குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

"வேணாங்க, ஒட்டிக்கப் போகுது. அதான் ரெண்டு நாள்ல வந்துடுவீங்களே."

அதுவும் நியாயம்தான். எல்லாம் நியாயமாகத்தான் ஆரம்பித்தது.

வாரியம் ஒரு நீளமான கூடத்தில் இருந்தது. இரண்டு பக்கமும் பெஞ்சுகள், நடுவில் மேஜை, மேஜை மேல் ஊறவைத்த பூண்டு ஒரு ஜாடி, வினிகர் ஒரு ஜாடி, பின்னல் உறை போட்ட ஒரு தொலைபேசி. அந்தத் தொலைபேசியைத்தான் எல்லாரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அது எப்போதாவது எடுக்கப்படுகிறதா என்று மாவுக்காரர் பக்கத்தில் இருந்த பள்ளிக்கூட வாத்தியாரைக் கேட்டார். வாத்தியாருக்குக் கழுத்தில் வட்டம்.

"டீ சொல்றதுக்கு எடுப்பாங்க" என்றார் வாத்தியார்.

வாரியத்தில் மருத்துவர் யாரும் கிடையாது. நோய் விஷயத்தில் மருத்துவர்கள் ஏற்கெனவே ஒரு முடிவோடு வருவார்கள், அது பாரபட்சம் என்று விதியிலேயே எழுதித் தடுத்திருந்தார்கள். தலைவர் முன்பு பாலங்கள் துறையில் இருந்தவர். அவர் காலத்தில் கட்டிய பாலங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

முதலில் அளவு எடுக்கவேண்டும். அதற்கு ஒரு டேப்காரர் இருந்தார். தையல்காரர்கள் வைத்திருப்பதுபோல் ஒரு துணி டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு பெஞ்சு பெஞ்சாக வருவார். வாத்தியாரின் கழுத்தில் வைத்து அழுத்தி ஓர் எண்ணைக் கத்தினார். அதே டேப்பை அப்படியே கொண்டுவந்து மாவுக்காரரின் கையில் வைத்து அழுத்தினார். பிறகு தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, கழுத்தைச் சொறிந்துகொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார்.

"ஒரே டேப்பாங்க எல்லாருக்கும்?" என்று மாவுக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"பின்ன? ஆளுக்கொரு டேப்னா ஆளுக்கொரு அளவு வரும்" என்றார் டேப்காரர், குழந்தைக்குச் சொல்கிற பொறுமையோடு.

அடுத்தது பத்திய அதிகாரி. கண்ணாடி போட்ட, இஸ்திரி மடிப்புக் கலையாத அம்மாள். வேலை என்ன என்று கேட்டார். ரொட்டி மாவு என்றதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"மாவு எப்படி உப்புது?"

"ஈஸ்ட் போடுவோம் மேடம்."

"ஈஸ்ட்னா என்னன்னு தெரியுமா? பூஞ்சை. உங்க கையில இருக்கறதும் பூஞ்சை. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நீங்க அதைத் தட்டிக் கொடுக்கறீங்க, உருட்டறீங்க, சூடா ஒரு எடம் பாத்துத் தூங்க வைக்கறீங்க. அதுக்கு உங்க மேல பாசம் வராம என்ன செய்யும்?"

"அது வேற, இது வேற இல்லீங்களா மேடம்?"

"சொந்தக்காரங்கதானே?" என்றார் அதிகாரி. குறிப்பில் 'நோயாளி பூஞ்சையின் பக்கம் பேசுகிறார்' என்று எழுதிக்கொண்டார்.

ரொட்டி தள்ளுபடி. சர்க்கரை தள்ளுபடி. இரண்டும் போகட்டும் என்று மாவுக்காரர் தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் வைத்தியம். வாரியத்தில் பூண்டுப் பிரிவு, வினிகர்ப் பிரிவு என்று இரண்டு. பூண்டுக்காரர்கள் இடது பக்கமும் வினிகர்க்காரர்கள் வலது பக்கமும் உட்காருவார்கள். டீ மட்டும் ஒன்றாக வரும். மாவுக்காரரின் வட்டம் யாருக்கு என்பதில் அன்று காலை முழுவதும் இழுபறி. கடைசியில் தலைவர் எழுந்து, பால்பாயின்ட் பேனாவால் வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். மேல்பாதி பூண்டுக்கு, கீழ்ப்பாதி வினிகருக்கு. "பேச்சுவார்த்தையில தீராதது எதுவும் இல்லை" என்றார். இரண்டு பக்கமும் கைதட்டினார்கள்.

பச்சைப் பூண்டை அரைத்துத் தோலில் கட்டினால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. மேல்பாதி வெந்து கொப்பளித்தது. மாவுக்காரர் அடுத்த புதன்கிழமை போய்க் கையைக் காட்டினார்.

"எரியுதா?" என்று ஆவலாகக் கேட்டார் பூண்டுப் பிரிவின் மூத்தவர்.

"உயிர் போகுது சார்."

"எரிஞ்சா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"கீழ்ப்பாதி எரியலைங்க."

"அது உள்ளுக்குள்ள வேலை செய்யுது" என்றார் வினிகர்ப் பிரிவின் மூத்தவர், விட்டுக்கொடுக்காமல்.

டேப்காரர் கொப்புளத்தையும் சேர்த்து அளந்தார். எண் கூடியிருந்தது. நோய் வெளியே வருகிறது என்று இரு பிரிவும் ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். ஒற்றுமையாக அவர்கள் போட்ட முதல் தீர்மானம் அது என்று வாத்தியார் காதில் சொன்னார்.

சாயங்காலங்களில் மனைவி சாப்பாட்டுக் கேரியரோடு ஜன்னலுக்கு வருவாள். ஜன்னலுக்கு வெளியே தரையில் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இருந்தது. அந்தக் கோட்டில் நின்று கேரியரை ஒரு குச்சியால் தள்ளவேண்டும். குழந்தை இடுப்பில் இருந்து அப்பாவைப் பார்த்துத் துள்ளும். இரண்டு கையையும் நீட்டி, "ப்பா, ப்பா" என்று காற்றை அடிக்கும். முதல் சில நாள் மாவுக்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதற்கு விதவிதமாக முகம் காட்டினார். பிறகு முகம் காட்டுவதும் நின்றுபோனது. வலது கை மட்டும் கனமில்லாமல் இருப்பதுபோல் இருந்தது, தூக்கத்தில் அது தானாக நீண்டு கிடந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. வந்தால் தேவலை என்று நினைத்தார், அந்த நினைப்பும் மெல்ல விட்டுப்போயிற்று.

பத்தியம் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. வெளுத்த சாமான் எதுவும் கூடாது என்று வந்தது. நேற்று வைத்தது கூடாது என்று வந்தது. பிறகு ஒரு நாள் பத்திய அதிகாரி சுவரில் ஒரு பெரிய படத்தை மாட்டி, குச்சியால் சுட்டிக்காட்டி விளக்கினார். இந்த நோயின் குணமே வட்டம். வட்டமானதை உள்ளே தள்ளினால் அது வட்டமாகத்தான் வெளியே வரும். ஆகவே வட்டமான உணவு கூடாது.

மனைவியிடம் இதைச் சொன்னபோது அவள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெங்காயம்?"

"நறுக்கினா பரவாயில்லையாம். ஆனா நறுக்கறதுக்கு முன்னாடி நான் பாக்கக்கூடாதாம்."

"பட்டாணி?"

"அதுக்கு இன்னும் தீர்ப்பு வரலை. பட்டாணி வட்டமா உருண்டையான்னு ஒரு துணைக்குழு பாக்குது."

"நீங்க இதெல்லாம் கேட்டுட்டுத் தலையாட்டிட்டா வர்றீங்க?"

"வேற என்ன செய்யறது? போன் அவங்ககிட்டதானே இருக்கு."

அவர் அதைச் சொன்ன விதத்தில் கோபமே இல்லை. மனைவி அதைத்தான் கவனித்தாள். கோபக்காரர் இல்லையென்றாலும், உப்புக் குறைந்தால் கேட்கிற மனுஷர்தான் அவர். இப்போது கேரியரில் என்ன இருக்கிறது என்று கூடப் பார்க்காமல் வாங்கி வைத்துக்கொள்கிறார்.

அந்த வாரம் வாரியத்தில் விழா. தலைவர் பேசினார். "நாம ஆரம்பிச்சப்ப இந்தக் கூடத்துல ரெண்டு பெஞ்சுதான். இன்னிக்கு உக்கார எடம் இல்லை. வந்தவங்க யாரும் நம்மை விட்டுப் போகலை. துணைக்கு வந்தவங்ககூட நோயாளியா சேந்துட்டாங்க. இந்த ஊர்ல வேற எந்த நிறுவனத்துக்காவது இப்படி ஒரு மக்கள் ஆதரவு உண்டா?" உண்மைதான். வாத்தியாரைக் கூட்டிவந்த மச்சானுக்கு இப்போது காதுக்குப் பின்னால் வட்டம். டேப்காரருக்குக் கழுத்தைச் சுற்றிக் காலர் மாதிரி. தலைவரே பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு கை மேஜைக்கு அடியில் போய் ஏதோ அலுவலகக் காரியம் பார்த்துக்கொண்டிருந்தது. சொறிகிற சத்தம் மைக்கில் லேசாகக் கேட்டது.

பொறுத்தது போதும் என்று மனைவி மறுநாள் பஸ் நிறுத்தத்துப் பக்கம் இருக்கிற மருந்துக்கடைக்குப் போனாள். கடைக்காரப் பெண் வேறு யாருக்கோ சில்லறை கொடுத்துக்கொண்டே கேட்டாள். "வட்டமா, ஓரம் தடிச்சு, அரிப்பா?" அலமாரியிலிருந்து ஒரு டியூபை எடுத்து வைத்தாள். "கழுவி, ஈரம் போகத் துடைச்சுட்டு, காலையிலயும் சாயங்காலமும் தடவச் சொல்லுங்க. ஆறிடுச்சுன்னு உடனே விட்டுடக்கூடாது, இன்னும் கொஞ்ச நாள் தடவணும். துண்டைத் தனியா வெச்சுக்கச் சொல்லுங்க. கொப்புளம் இருந்தா அது ஆறட்டும், அப்புறமா." அவ்வளவுதான். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

டியூப் கேரியரின் அடித்தட்டில் போயிற்று. மாவுக்காரர் பூண்டைக் கட்டுவதுபோல் வெறும் துணியைக் கட்டி, கொப்புளம் ஆறியதும் உள்ளே ஆயின்மென்ட்டைத் தடவினார். புதன்கிழமைகளில் டேப்காரர் கட்டுக்கு மேலேயே அளந்துகொண்டார். முதலில் அரிப்பு நின்றது. பிறகு தடிப்பு தணிந்தது. சில வாரங்களில் வட்டம் எங்கே இருந்தது என்று தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு நாள் காலையில் வெளிச்சத்தில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுத்தமான கை. ரொம்ப நாளைக்கப்புறம் நெஞ்சுக்குள் ஏதோ அசைந்தது. சந்தோஷம்தான். அடையாளம் தெரியக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

புதன்கிழமை கூடத்தில் அவர் கையை மேஜை மேல் நீட்டினார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். டேப்காரர் டேப்பை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"ஒண்ணு" என்றார்.

"ஒண்ணுமே இல்லையே சார்" என்றார் மாவுக்காரர்.

"ஒண்ணுமே இல்லாதப்பதான் ஒண்ணு வரும். டேப்புல மொத அங்குலம் நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே அறுந்துபோச்சு. இது ஒண்ணுலதான் ஆரம்பிக்குது."

வாத்தியார் மெல்லத் திரும்பி மச்சானைப் பார்த்தார். கூடத்தில் இதுவரை யாருக்கும் ஏன் குணமாகவில்லை என்பது அப்போது எல்லாருக்கும் புரிந்திருக்கவேண்டும். புரிந்தமாதிரி யாரும் காட்டிக்கொள்ளவில்லை.

தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தோலை உற்றுப் பார்த்தார். "பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு. எதுல போச்சு?"

"பூண்டுன்னு சொல்லுங்க" என்று இடது பக்கத்திலிருந்து ஒரு குரல். "வினிகர்" என்று வலது பக்கம் இருமியது. எதையாவது ஒன்றைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம் என்று யாருக்கும் தோன்றும். மாவுக்காரருக்கும் தோன்றியது. ஆனால் பூண்டு என்றால் வினிகர் எதிர்க்கும், வினிகர் என்றால் பூண்டு மேல்முறையீடு செய்யும். எல்லாவற்றையும்விட, பொய் சொல்லத் தேவையான தெம்பு அவரிடம் இல்லை.

"ஆயின்மென்ட் சார். கடையில வாங்கினது."

பத்திய அதிகாரி நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார். தலைவர் எழுந்து நின்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை, துக்கம் இருந்தது.

"தம்பி, உங்களுக்கு நாங்க என்ன குறை வெச்சோம்? பட்டாணிக்குத் தனிக் குழு போட்டோம். உங்க கை மேல ரெண்டு பிரிவை ஒண்ணா உக்கார வெச்சோம். நீங்க என்ன செஞ்சீங்க? எங்களைக் கேக்காம குணமாயிட்டீங்க. இப்படி ஆளாளுக்குக் கடைக்குப் போய் டியூப் வாங்கிக் குணமாக ஆரம்பிச்சா, நாங்க எதுக்கு?"

கேட்டுவிட்டுப் பதிலுக்காகச் சுற்றிலும் பார்த்தார்.

"கடைசி வரியைக் குறிப்புல எழுதாதீங்க" என்றார்.

தீர்ப்பு சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் வந்துவிட்டது. வாரியம் தராத குணத்தை வாரியம் அங்கீகரிக்க முடியாது. ஆகவே நோய் இருப்பதாகவே கொள்ளவேண்டும். வைத்தியம் ஆரம்பத்திலிருந்து தொடங்கும். கோடு மறுபடி போடப்படும். பூண்டா வினிகரா எது முதலில் என்று இரு பிரிவும் பேசி முடிக்கும்வரை கட்டு மட்டும் கிடையாது.

"இல்லாத நோய்க்கு எப்படி சார் மருந்து போடறது?" என்று மாவுக்காரர் கேட்டார். எதிர்க்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நோய் இருக்கறப்ப யார் வேணும்னாலும் மருந்து போட்டுடுவாங்க" என்றார் தலைவர் கனிவாக.

பால்பாயின்ட் பேனா சுத்தமான தோலின் குறுக்கே இழுத்தது. மாவுக்காரர் அது யாருடைய கையோ என்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார். டியூபைப் பறிமுதல் செய்தார்கள். அது மேஜை டிராயருக்குள் போயிற்று. அதற்குப் பிந்திய வாரங்களில் தலைவருக்கு மேஜைக்கு அடியில் இருந்த வேலை குறைந்துவிட்டதை வாத்தியார் கவனித்தார். டியூபும் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்தது.

மனைவி மேற்பார்வையாளரிடம் போனாள். "எனக்கும் தெரியுதும்மா. ஆனா போன் வரலையே" என்றார் அவர். அறைச் சாவி வைத்திருந்த கிடங்குக்காரரிடம் போனாள். நேராக வாரியத்துக்கே போய்க் கத்தினாள். கத்தியதன் பலனாக, மனிதாபிமான அடிப்படையில், ஒரு சலுகை கிடைத்தது. மாவுக்காரர் தன் வீட்டு வாசலில் குடும்பத்தைப் பார்க்கலாம். பார்வை மட்டும். தொடுதல் கிடையாது. பத்திய அதிகாரி கூட இருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. குடியிருப்பின் நீளமான வராந்தா. கொடியில் துணிகள், வாசல்களில் செருப்புகள், அடுத்த வீடுகளிலிருந்து தலைகள். மாவுக்காரர் சவரம் செய்து, சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு வந்திருந்தார். கோட்டைத் தவிர அந்தக் கையில் ஒன்றுமில்லை. மனைவி வாசற்படியில் குழந்தையைச் சுவரோரம் நிற்க வைத்தாள்.

"விதி சுலபம்தான்" என்றார் பத்திய அதிகாரி. "யாராவது உங்ககிட்ட வந்தா நீங்க பின்னாடி போயிடணும். ரெண்டு கையும் மேல தூக்கியே இருக்கணும். அவ்வளவுதான்."

குழந்தை அப்பாவைப் பார்த்தது. கொஞ்ச நேரம் யோசித்தது. சுவரிலிருந்து கையை எடுத்தது.

ஒரு கால் முன்னே வந்தது. உடம்பு ஆடியது. விழவில்லை. அடுத்த கால். மாவுக்காரர் ஓர் அடி பின்னால் வைத்தார்.

"நடக்குதுங்க!" என்று மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, பாருங்க, நடக்குது!"

குழந்தை வந்துகொண்டே இருந்தது. அவர் பின்னால் போய்க்கொண்டே இருந்தார். அது எட்டிப் பிடிக்கப் பார்க்கும், அவர் எட்டாமல் போவார், அதனால் அது இன்னும் ஓர் அடி வைக்கும். இரண்டு கையும் தலைக்கு மேல், போலீசிடம் பிடிபட்டவர்போல். அடுத்த வீட்டுத் தலைகள் கைதட்டத் தொடங்கின. பத்திய அதிகாரிக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"போங்க, போங்க, பின்னாடி போங்க! இந்த வயசுல எத்தனை கொழந்தை இவ்வளவு தூரம் நடக்குது? பத்தியம் குடும்பத்துக்கே வேலை செய்யுது பாருங்க!"

முதுகு சுவரில் முட்டியது. வராந்தா முடிந்துவிட்டது. குழந்தை வந்து அவருடைய முழங்காலைக் கட்டிக்கொண்டு, அண்ணாந்து பார்த்து, "ப்பா" என்றது. அவர் கைகள் மேலேயே இருந்தன. காலில் குழந்தையின் கனம் தெரிந்தது. அதற்கு என்ன செய்யவேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை.

மனைவி வராந்தா நெடுக ஓடிவந்தாள். விதியையும் அதிகாரியையும் தாண்டிக்கொண்டு வந்து அவர் எதிரில் நின்றாள்.

"கையை இறக்குங்க. குழந்தையைத் தூக்குங்க. உங்க கையில ஒண்ணுமே இல்லைங்க."

மாவுக்காரர் தன் கையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அதிகாரியின் முகத்தைப் பார்த்தார்.